வியாழக்கிழமைத் தண்ணீர்

ஜனவரி 21, செவ்வாய்.
தவறு: ஏஞ்சல் மீனைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டதாக அத்தாவிடம் சொன்னேன். கொடுக்கவில்லை.
நாளைக்கு: காலை பத்து மணிக்குக் கடை திறந்ததும் கொடுக்க வேண்டும்.

"நாலு பேரு புடிச்சாத் தூக்கிடலாம்" என்று பக்கத்து வீட்டு அரசப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மீன்தொட்டியின் ஒரு மூலையைப் பிடித்தார்.

"வேணாம் மாமா. தண்ணியோட தூக்குனா அடிக்கண்ணாடி விட்டுடும்" என்றாள் நஜ்மா.

"எவ்ளோ தண்ணி இருக்கும்?"

"அம்பத்தஞ்சு லிட்டர். மணலு, கல்லு தனி."

"அப்ப ஒரு மூட்டை நெல்லு" என்று அரசப்பன் கையை எடுத்துக்கொண்டார்.

சொன்ன பிறகு அவளுக்குக் கூச்சமாக இருந்தது. அத்தா மௌத்தாகி இரண்டு மணி நேரம்தான் ஆகியிருந்தது. இந்த நேரத்தில் லிட்டர் கணக்கு நாக்கு நுனியில் இருந்திருக்க வேண்டாம்.

ஒரத்தநாட்டில் அவர்கள் வீட்டுக் கூடம் பத்துக்குப் பன்னிரண்டு. மேற்குச் சுவரை ஒட்டி இரண்டடி மீன்தொட்டி, அதற்கு எதிரே அத்தாவின் கட்டில். புதன்கிழமை விடியற்காலையில் பாங்கு சொல்வதற்குச் சற்று முன், அந்தக் கட்டிலில்தான் அத்தா ஜெக்கரியா ஒருமுறை நீளமாக மூச்சு விட்டார். அடுத்த மூச்சு வரும் என்று அம்மா ஜன்னத் பீவி காத்திருந்தாள். நஜ்மா அம்மாவின் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தாள். மூச்சு வரவில்லை, பாங்கு வந்தது. சிறுநீரகம் பழுதாகி இரண்டு வருடமாக வாரம் இருமுறை தஞ்சாவூருக்கு டயாலிசிஸ் போய்க்கொண்டிருந்தவர். எதிர்பாராதது என்று யாரும் சொல்லவில்லை.

இப்போது தொட்டியை நகர்த்த முடியாது என்று ஆனதும், அதை விட்டுவிட்டுக் கட்டிலை மட்டும் திருப்பினார்கள். தலை வடக்கே, முகம் மேற்கே. மேற்கே திருப்பிய முகம் நேராகத் தொட்டியைப் பார்த்தது.

"என்னடி இது, மையத்து வீட்டுல லைட்டும் கலரும்" என்றாள் அத்தாவின் தங்கை ரசியா பேகம். நஜ்மாவுக்கு மாமி. பூதலூரிலிருந்து முதல் ஆளாக வந்து சேர்ந்திருந்தாள். "ஒரு துணியப் போட்டு மூடு."

நஜ்மா விளக்கை அணைத்துவிட்டு ஒரு படுக்கை விரிப்பைப் போர்த்தினாள். மூடுவதற்கு முன் எண்ணிப் பார்த்தாள். நடுத் தண்ணீரில் நீலமும் சிவப்புமாக எட்டு நியான் மீன்கள் இருந்தன. அடியில் மணலைக் கிளறியபடி நான்கு கோரி. வேர்க்கட்டைக்குப் பின்னால், இருக்கக் கூடாத இடத்தில், பத்து ரூபாய்க் காசு அளவில் ஒரு ஏஞ்சல்.

அவளை எண்ணப் பழக்கியது அத்தா. குவைத்தில் பதினேழு வருடம் ஒரு கிடங்கில் ஸ்டோர் கீப்பராக இருந்தவர். பிளீச்சிங் பவுடர் பக்கத்தில் ஆசிட்டை வைக்கக் கூடாது, அரிசிக்குப் பக்கத்தில் மண்ணெண்ணெயை வைக்கக் கூடாது. எதை எதோடு வைக்கக் கூடாது என்பதுதான் தன் வேலை என்பார். நோய் வந்து வீட்டோடு ஆன பிறகு, டயாலிசிஸ் நடக்கும் இடத்தில் வரவேற்பறையிலிருந்த மீன்தொட்டியைப் பார்த்துவிட்டு வந்து இரண்டு நாள் புலம்பினார்.

"ஒரே தொட்டியில கோல்டு ஃபிஷ்ஷையும் டெட்ராவையும் போட்டு வச்சிருக்கான். அது பச்சத் தண்ணி கேக்கும், இது வெதுவெதுப்பு கேக்கும். ரெண்டும் செத்துக்கிட்டே நீந்துது."

பிறகு தனக்கே ஒரு தொட்டி வாங்கச் சொன்னார். மீன் இல்லாமல் ஆறு வாரம் தண்ணீரை மட்டும் ஓடவிட்டார். ரசியா மாமி ஒருமுறை வந்து பார்த்துவிட்டு, "தண்ணிய வளக்குறியாண்ணே?" என்று கேட்டாள். "ஆமா, தண்ணி வளந்தாத்தான் மீனு வளரும்" என்றார். மேலே நீந்துவது ஒரு வகை, நடுவில் ஒரு வகை, அடியில் ஒரு வகை. எதற்கும் மற்றதன் இடம் தேவைப்படக் கூடாது. எல்லாம் ஒரே சூட்டில், ஒரே மாதிரித் தண்ணீரில் வாழ்பவையாக இருக்க வேண்டும். கடைசியாக, ஒன்றின் வாய்க்குள் நுழையும் அளவில் இன்னொன்று இருக்கக் கூடாது. "இன்னிக்கு நுழையலன்னு பாக்காத. ஒரு வருசம் கழிச்சு நுழையுமான்னு பாரு."

அவர் ஒரு நாளைக்கு முக்கால் லிட்டருக்கு மேல் தண்ணீர் குடிக்கக் கூடாது. கோடு போட்ட பாட்டில் தலைமாட்டில் இருக்கும். நாக்கு வறளும்போது பாட்டிலை எடுக்க மாட்டார். தொட்டியைப் பார்த்துக்கொண்டு கிடப்பார்.

மேல் தண்ணீருக்கு ஒரு ஜோடி ஹனி கௌராமி வாங்கச் சொல்லித்தான் ஞாயிற்றுக்கிழமை நஜ்மாவை அனுப்பினார். கடைத்தெருவில் செந்தில்குமாரின் மீன் கடையில் கௌராமி வரவில்லை. "ஏஞ்சல் எடுத்துக்கம்மா, ரொம்பச் சாது" என்றார் செந்தில்குமார். வெள்ளியில் கறுப்புக் கோடு போட்டு, நீண்ட துடுப்புகளோடு அது அவளைப் பார்த்துத் திரும்பியது. வீட்டைப் பூட்டினோமா என்று மூன்று முறை இழுத்துப் பார்க்கும் ரகம் அவள். அன்றைக்கு மட்டும் ஒருமுறைகூட யோசிக்கவில்லை.

அத்தா பார்த்துவிட்டுக் கோபிக்கவில்லை. "அழகாத்தான் இருக்கு. ஆனா வளந்தா உள்ளங்கை அகலம் வரும்டா. நியான் அதுக்குப் பொரி மாதிரி. நாளைக்குத் திருப்பிக் குடுத்துடு."

திங்கட்கிழமை டயாலிசிஸில் போனது. செவ்வாய் மாலை ஐந்தே காலுக்கு அவள் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். குரூப் ஃபோர் பயிற்சி வகுப்பில் அன்று மாதிரித் தேர்வு. உள்ளேயிருந்து குரல் வந்தது.

"நஜ்மா, அந்த மீனக் குடுத்துட்டியா?"

"குடுத்துட்டேன் அத்தா."

"சரிடா. பாத்துப் போ."

அவ்வளவுதான். சாயங்காலமானால் அத்தாவுக்குக் கண் மங்கும். ஏஞ்சல் எப்போதும் கட்டைக்குப் பின்னால் நிற்கும். நாளை காலையில் கொடுத்துவிட்டால் சொன்னது உண்மையாகிவிடும் என்று நினைத்தாள்.

பயிற்சி வகுப்பில் துரைராசு சார் கடைசி ஐந்து நிமிடம் எல்லோரையும் நோட்டில் எழுதச் சொல்வார். தேதி, அன்றைய தவறு ஒன்று, மறுநாள் செய்ய வேண்டியது ஒன்று. "தவறப் பெரிசா எழுதாதீங்க. திருத்துற அளவுல எழுதுங்க" என்பார். நஜ்மா மீனைப் பற்றி எழுதினாள். திருத்துகிற அளவில்தான் இருந்தது. எட்டரைக்கு வீடு திரும்பியபோது அத்தா தூங்கியிருந்தார்.

*

ஒன்பது மணிக்குக் கரண்ட் போனது. மாதத்தில் ஒருநாள் பராமரிப்புக்காக நிறுத்துவது. சாயங்காலம் ஐந்து மணிக்குத்தான் வரும் என்று முந்தின நாளே எல்லோருக்கும் செய்தி வந்திருந்தது. மின்விசிறி நின்றது யாருக்கும் பெரிதாகத் தெரியவில்லை, தைமாதப் பனி இன்னும் விலகவில்லை. விரிப்புக்குள் தொட்டியின் மோட்டார் இரைச்சல் நின்றது நஜ்மாவுக்கு மட்டும் கேட்டது.

பெண்கள் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து யாசீன் ஓதிக்கொண்டிருந்தார்கள். நஜ்மாவும் ஓதினாள். அரை மணி ஆனதும் எழுந்து, விரிப்பின் ஒரு மூலையைத் தூக்கி, டம்ளரால் தண்ணீரை மொண்டு ஒரு சாண் உயரத்திலிருந்து திரும்ப ஊற்றினாள். இருபது தடவை. கரண்ட் போனால் இப்படிச் செய்ய வேண்டும், காற்று கலக்கும் என்று அத்தா சொல்லியிருந்தார். பிறகு வந்து, விட்ட இடத்திலிருந்து ஓதினாள். விட்ட இடம் சரிதானா என்று சந்தேகம் வந்து, ஒரு பக்கம் முன்னால் போய் ஆரம்பித்தாள்.

மூன்றாவது தடவை எழுந்தபோது ரசியா மாமி ஓதுவதை நிறுத்தினாள்.

"பெத்தவன் மையத்தாக் கெடக்கான். இவ மீனுக்குத் தண்ணி மொண்டு ஊத்துறா. ஊரு சிரிக்காதா?"

"ஊத்தட்டும் ரசியா" என்றாள் அம்மா. விடிந்ததிலிருந்து அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

பன்னிரண்டரைக்கு அண்ணன் ஹஸ்ஸான் சென்னையிலிருந்து வந்து சேர்ந்தான். வழியெல்லாம் அறுவடை இயந்திரம் சாலையை அடைத்து நின்றதாகச் சொன்னான். அதைச் சொல்லிக்கொண்டே அழுதான். அடக்கம் மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு என்று முடிவானது.

இரண்டு மணிக்குக் குளிப்பாட்ட ஏற்பாடு செய்தபோது மேல் தொட்டியில் தண்ணீர் இல்லை. காலையிலிருந்து வந்தவர்கள் கைகால் கழுவியே தீர்ந்திருந்தது. மோட்டார் போடக் கரண்ட் இல்லை. தெருக்குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வரும், இன்று வராத நாள். கொல்லையில் நான்கு பக்கமும் சேலை கட்டி, பலகை போட்டுவிட்டு, ஹஸ்ஸான் குடத்தோடு நின்றான்.

"இதுல இருக்கே" என்று ஒரு பெரியவர் சுவரோரமாக இருந்த நீல டிரம்மின் மூடியைத் திறந்தார்.

டிரம்மின் மேல் அத்தாவின் கையெழுத்தில் சாக்பீஸால் 'செவ்வாய் காலை' என்று எழுதியிருந்தது. குழாய்த் தண்ணீரில் மருந்து வாடை போக இரண்டு நாள் வைத்திருந்துதான் தொட்டியில் ஊற்ற வேண்டும். வியாழக்கிழமை தண்ணீர் மாற்றுவதற்காக அத்தாவே நேற்றுக் காலை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று ஓஸைப் போட்டு நிரப்பியது. கையில் டயாலிசிஸ் ஊசி குத்திய இடத்தில் பஞ்சு ஒட்டியிருந்தது. நான் பிடிக்கிறேன் அத்தா என்று நஜ்மா சொன்னதற்கு, "நீ பிடிச்சா தேதி எழுத மறந்துடுவ" என்றார்.

"எதாவது மருந்து கலந்திருக்கா இதுல?" என்று ஹஸ்ஸான் கேட்டான்.

நஜ்மாவுக்கு ஒரு கணம் வியாழக்கிழமைதான் நினைவுக்கு வந்தது. நினைவுக்கு வந்ததே என்று உடம்பு கூசியது.

"ஒண்ணும் கலக்கல. அத்தா புடிச்சு வச்ச தண்ணிதான். எடுத்துக்கங்க."

பெண்கள் உள்ளே போனார்கள். கொல்லைக் கதவு சாத்தப்பட்டது. கதவுக்கு இந்தப் பக்கம் நின்று அவள் கேட்டாள். குவளை டிரம்மில் முங்கும் சத்தம் முதலில் மேலாகக் கேட்டது, பிறகு உள்ளடங்கிக் கேட்டது, கடைசியில் குவளையின் விளிம்பு டிரம்மின் அடியை உரசியது. கடைசித் தண்ணீரில் கற்பூரம் கரைத்திருந்தார்கள். வாசனை கதவிடுக்கில் வந்தது.

அஸருக்குக் கொஞ்சம் முன்னால் தெருவில் போட்டிருந்த நாற்காலிகள் நிறைந்தன. மீன் கடை செந்தில்குமார் கடையைப் பாதி சாத்திவிட்டு வந்திருந்தார். முகம் பார்த்துவிட்டுத் திரும்பும்போது நடையில் நின்ற நஜ்மாவிடம் தயங்கினார்.

"சார் மாதிரி யாரும்மா மீனு வாங்குவா? எது எதோட சேரும்னு எனக்கே கிளாஸ் எடுப்பாரு. ஒரு மீனு தப்பா எடுத்துட்டுப் போனதில்ல." பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்த ஏஞ்சலு நல்லாருக்கா?" என்றார்.

"இருக்கு அண்ணே" என்றாள்.

தூக்குவதற்கு முன் ஹஸ்ஸான் வாசற்படியில் நின்று, வந்தவர்களைப் பார்த்துச் சொன்னான். "எங்க அத்தா யார்ட்டயாவது தப்பாப் பேசியிருந்தா, மனசு நோக நடந்திருந்தா, அல்லாவுக்காக மன்னிச்சிடுங்க."

"மன்னிச்சாச்சு, மன்னிச்சாச்சு" என்று நாற்காலிகளிலிருந்து குரல்கள் வந்தன. அரசப்பனும் சொன்னார். சொல்லிவிட்டு, "அவரு என்னத்தப் பேசுனாரு, மீனப் பத்திதான் பேசுனாரு" என்று பக்கத்தில் இருந்தவரிடம் முணுமுணுத்தார்.

நஜ்மா ஜன்னலுக்குள் நின்றிருந்தாள். இருப்பவர்கள் இறந்தவரை மன்னிக்கத்தான் இந்த ஏற்பாடு. மறுபக்கத்துக்கு ஏதாவது இருக்கிறதா என்று யோசித்துப் பார்த்தாள். இருந்தால் தனக்குத் தெரிந்திருக்கும், மதரசாவில் ஏழு வருடம் ஓதியிருக்கிறாள். கடைசியாக முகம் பார்க்க அவளை அழைத்தார்கள். வெள்ளைத் துணிக்குள் அத்தாவின் முகம் கழுவி வைத்த பாத்திரம் போல ஈரமாகவும் சுத்தமாகவும் இருந்தது. குனிந்தபோது சொல்ல வேண்டியது வாய்வரை வந்தது. பக்கத்தில் மாமி இருந்தாள், அண்ணன் இருந்தான். சந்தூக்குப் பெட்டியைத் தூக்கினார்கள். தெருமுனை திரும்பும்வரை கலிமாச் சத்தம் கேட்டது. அதற்கு மேல் பெண்கள் போவதில்லை.

*

ஐந்தே காலுக்குக் கரண்ட் வந்தது. விரிப்புக்குள் மோட்டார் இரண்டு முறை இருமிவிட்டு ஓட ஆரம்பித்தது. நஜ்மா விரிப்பை எடுத்தாள். எட்டு நியான், நான்கு கோரி, ஒரு ஏஞ்சல். ஒரு நியானின் வால் நுனி பிய்ந்திருந்தது. நேற்று பிய்ந்ததா இன்றா என்று அவளுக்குத் தெரியவில்லை.

மஃரிப் தொழுகை முடிந்து இருட்டியதும் அரசப்பன் வீட்டிலிருந்து கஞ்சியும் துவையலும் வந்தன. அம்மா வெள்ளைச் சேலை மாற்றிக்கொண்டு கூடத்தில் பாயில் உட்கார்ந்திருந்தாள். இத்தா தொடங்கிவிட்டது. நான்கு மாதம் பத்து நாள் வீட்டை விட்டு வெளியே போகக் கூடாது, வெளி ஆண்கள் முன்னால் வரக் கூடாது. இந்தக் கூடம்தான் அவளுக்கு என்று ஏற்பாடு.

"இந்தத் தொட்டிய என்ன பண்றது?" என்றான் ஹஸ்ஸான். "அம்மா இருக்குற எடம். யாரு பாத்துக்கிறது? செந்தில் அண்ணன்ட்டயே எல்லாத்தையும் குடுத்துடலாம்."

"அதான் சரி" என்றாள் ரசியா மாமி. "இத்தா இருக்குற ரூமுல ஆம்பள மீனும் இருக்கும், பொம்பள மீனும் இருக்கும். எதுக்கு வம்பு?"

யாரோ ஒருத்தி துப்பட்டாவை வாயில் பொத்திக்கொண்டாள். அம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

"எது ஆம்பளன்னு அதுங்களுக்கே தெரியாதாம். உங்க அண்ணன் சொல்லுவாங்க. இருந்துட்டுப் போவுது. நானும் எங்கயும் போவப் போறதில்ல, அதுங்களும் போவப் போறதில்ல."

மாமியே சிரித்துவிட்டாள். சிரித்த வேகத்தில் அழுதாள். ஹஸ்ஸான் கஞ்சிப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனான்.

எல்லோரும் கஞ்சிக்கு உள்ளே போனதும் அம்மா எழுந்து தொட்டியருகே போனாள். தீனி டப்பாவைத் திறந்தாள். நஜ்மா பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா தொட்டிக்குத் தீனி போட்டு அவள் பார்த்ததில்லை. அம்மா முதலில் கட்டை இருக்கும் மூலையில் நான்கைந்து உருண்டைத் தீனியைப் போட்டுவிட்டு நின்றாள். ஏஞ்சல் கட்டைக்குப் பின்னாலிருந்து மேலே வந்து கொத்தத் தொடங்கியது. அது தின்றுகொண்டிருக்கும்போதே எதிர் மூலைக்கு நகர்ந்து, செதில் தீனியை விரல்களில் நுணுக்கித் தூவினாள். நியான்கள் எட்டும் அங்கே கூடின.

"ஏம்மா ரெண்டு எடத்துல போடுற?"

"அப்புடித்தான் போடணுமாம். பெருச மொதல்ல அந்த மூலையில நிறுத்திட்டா, சின்னதுங்கள அண்டாதாம்."

"யாரு சொன்னா?"

"உங்க அத்தாதான். நேத்து நீ கிளாசுக்குப் போன பெறகு, எழுந்து உக்காந்து எண்ணிப் பாத்தாங்க. கண்ணு சரியாத் தெரியல, நீ எண்ணுன்னு என்னைய எண்ணச் சொன்னாங்க. கட்டைக்குப் பின்னாடி ஒண்ணு நிக்கிதுன்னேன். சரி, அதுக்கு இப்புடிப் போடுன்னாங்க." அம்மா டப்பாவை மூடினாள். "நாளைக்கு நஜ்மா எடுத்துட்டுப் போயிடுவா, அதுவரைக்கும் இப்புடியே போடுன்னாங்க."

நஜ்மா குனிந்து கட்டைக்குப் பின்னால் பார்த்தாள்.

"கோவமா இருந்தாங்களா?" என்று கேட்டாள்.

"எதுக்குக் கோவம்? அந்த நியானு பாவம்னாங்க. பெறகு வாய் காயிதுன்னாங்க. பாட்டில்ல ஒரு கோடு மிச்சமிருந்துச்சு, குடுத்தேன்."

அம்மா பாயில் வந்து உட்கார்ந்தாள். தொட்டியின் வெளிச்சம் அவளுடைய வெள்ளைச் சேலையில் விழுந்து அசைந்தது.

நஜ்மா கொல்லைக்குப் போனாள். டிரம் கவிழ்ந்து கிடந்தது. அதை நிமிர்த்தினாள். கற்பூர வாசனை இன்னும் இருந்தது. வெளிப்பக்கம் சாக்பீஸ் எழுத்தில் தண்ணீர் பட்டு 'செவ்' மட்டும் மிஞ்சியிருந்தது. பிறகு உள்ளே வந்து, கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய பையிலிருந்து நோட்டை எடுத்தாள்.

ஜனவரி 22, புதன் என்று எழுதினாள். அடுத்த வரியில் 'தவறு' என்று எழுதி இரண்டு புள்ளி வைத்துவிட்டு வெகுநேரம் பேனாவைப் பிடித்திருந்தாள். அந்த வரியை அப்படியே விட்டுவிட்டுக் கீழே எழுதினாள்.

நாளைக்கு: டிரம்மைக் கற்பூர வாசனை போகக் கழுவ வேண்டும். காலை ஆறு மணிக்குக் குழாயில் தண்ணீர் வரும். பிடித்து, மறக்காமல் கிழமை எழுத வேண்டும். பத்து மணிக்குச் செந்தில்குமார் கடையில் ஏஞ்சலைக் கொடுக்க வேண்டும்.